எல்லாம் இருந்தும் பிளேஆஃப் இல்லை: பெங்கால்ஸை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்சினாட்டி பக்கம் குடியிருப்பதால் வருகிற வம்பு இது. பொங்கல் விழாவோ பிறந்தநாளோ, சாப்பாட்டுத் தட்டோடு நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு எங்கள் ஊர் அணி பெங்கால்ஸில் வந்து நிற்கும். ‘இவ்வளவு நல்ல டீம் ஏன் பிளேஆஃபுக்குப் போகல?’ 2024 சீசன் முடிந்ததிலிருந்து இதே கேள்விக்கு இருபது விதமாகப் பதில் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்து, பதிலையும் எழுதி வைக்கிறேன். பேசுவது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

“முதல்ல இதைச் சொல்லுங்க. பிளேஆஃபுக்கு எத்தனை டீம் போகும்?”

என்எஃப்எல் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் 32 அணிகள். ஏஎஃப்சி, என்எஃப்சி என்று இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் நாலு டிவிஷன், டிவிஷனுக்கு நாலு அணிகள். 2021 முதல் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டங்கள். ஒரு பாதியிலிருந்து ஏழு அணிகள் பிளேஆஃபுக்குப் போகும்: டிவிஷனில் முதலாக வந்த நாலு, மீதியில் அதிக வெற்றி பெற்ற மூன்று. இந்த மூன்றுக்குத்தான் வைல்ட் கார்டு என்று பெயர்.

ஐபிஎல்லில் முதல் இரண்டு இடம் பிடித்தால் ஒரு தோல்வியைத் தாங்கலாம். இங்கே அந்தச் சலுகை யாருக்கும் கிடையாது, தோற்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். முதலிடம் பிடித்த அணிக்கு மட்டும் முதல் வாரம் ஓய்வு. 17 ஆட்டம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில் போய்த்தான் முட்டும்.

“நான் அந்த வருஷம் பார்க்கல. 2024-ல என்னதான் ஆச்சு?”

9 வெற்றி, 8 தோல்வி. பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக் ஜோ பரோ 4,918 யார்டுகளும் 43 டச்டவுன்களும் எறிந்தார், இரண்டிலும் லீகிலேயே முதல் இடம். (டச்டவுன் என்றால் பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு சேர்ப்பது. அதற்கு 6 புள்ளி, கூடவே உதைத்து 1 அல்லது மறுபடி கொண்டு சேர்த்து 2 எடுக்கலாம்.) அவர் எறிந்ததைப் பிடித்த ஜமார் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன், மூன்றிலும் முதல் இடம். எதிராளியைத் தடுக்கிற டிஃபென்ஸில் டிரே ஹெண்ட்ரிக்சன் 17.5 சேக் (குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவது) எடுத்தார், அதிலும் முதல் இடம். இத்தனை முதல் இடங்களை வைத்துக்கொண்டு அணி ஏஎஃப்சியில் ஏழாவது இடத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

எட்டுத் தோல்விகளின் வித்தியாசத்தை வரிசையாகச் சொல்கிறேன்: 6, 1, 5, 3, 20, 1, 7, 6. ஈகிள்ஸிடம் வாங்கிய 20-ஐ விடுங்கள். மற்ற ஏழும் ஒரே ஒரு டச்டவுனுக்குள் அடங்குகிற தோல்விகள்.

“அண்ணா, 43 டச்டவுன் போட்டிருக்கான். அப்புறம் எப்படி டீம் தோக்கும்?”

இவர்கள் போட்டதை எதிராளியும் போட்டால் தோற்கும். 33-ம் அதற்கு மேலும் எடுத்துத் தோற்ற ஆட்டங்களை வைத்திருக்கிறார்கள், பாருங்கள்: கமாண்டர்ஸிடம் 38-33, ரேவன்ஸிடம் 41-38, மறுபடி ரேவன்ஸிடம் 35-34, ஸ்டீலர்ஸிடம் 44-38. இதற்கு ‘இன்னும் கொஞ்சம் நன்றாக எறிந்திருக்கலாம்’ என்று குவார்ட்டர்பேக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மொத்த சீசனில் எடுத்தது 472 புள்ளி, கொடுத்தது 434. ஆட்டத்துக்கு 25 புள்ளிக்கு மேல் கொடுக்கிற டிஃபென்ஸோடு விளையாடுவது, கடைசி ஓவரில் எப்போதும் இருபது ரன் கொடுக்கிற பௌலரோடு ஐபிஎல் ஆடுவது மாதிரி.

கமாண்டர்ஸ் ஆட்டம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி. பன்ட் என்றால், நாலு முயற்சியில் பத்து யார்டு நகர முடியாது என்று தெரிந்ததும் பந்தைத் தூர உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுவது. தோல்வியை ஒப்புக்கொள்கிற உதை. அன்று இரண்டு அணியும் ஒரு பன்ட்கூட அடிக்கவில்லை. கமாண்டர்ஸின் புது குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸுக்கு அது மூன்றாவது ஆட்டம்தான். அந்தப் பையனைக்கூட ஒரு தடவை நிறுத்தி உதைக்க வைக்க முடியவில்லை. என் வீட்டு சோஃபாவில் ஒருவர், ‘டிஃபென்ஸ் பஸ்ஸை விட்டுட்டாங்களா?’ என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“டிஃபென்ஸ் மோசம்னா ஆள் வாங்க வேண்டியதுதானே? ஓனர்கிட்ட காசு இல்லையா?”

காசு இருந்தாலும் செலவு செய்ய விடமாட்டார்கள். சேலரி கேப் என்று லீக் வைத்திருக்கிற உச்சவரம்பு 2024-ல் ஓர் அணிக்கு 25.54 கோடி டாலர். ஐம்பத்துச் சொச்சம் ஆட்களுக்கும் சம்பளம் அதற்குள்தான். பரோவுக்கு 2023-ல் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு 27.5 கோடி. ஒரு பக்கம் போர்வையை இழுத்தால் இன்னொரு பக்கம் கால் வெளியே வரும்.

2021 சீசனில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை போன அந்த டிஃபென்ஸிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஜெஸ்ஸி பேட்ஸ் 2023-ல் அட்லான்டாவுக்கு, டி.ஜே. ரீடர் 2024-ல் டெட்ராய்ட்டுக்கு. வந்த இளசுகள் அந்த இடத்தை நிரப்பவில்லை. எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய மொத்தக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி ஹெண்ட்ரிக்சன் ஒருவருடையது. ஒரு கை மட்டும் ஓங்கினால் எப்படி? சீசன் முடிந்ததும் டிஃபென்ஸ் பயிற்சியாளர் லூ அனருமோவை அனுப்பிவிட்டார்கள். பயிற்சியாளரை மாற்றுவது சுலபம், அவருக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது.

“கிக்கரைப் பத்தி இவ்வளவு புலம்புறீங்களே. மத்த நேரமெல்லாம் அவன் சும்மாதானே நிக்கிறான்?”

கிக்கர் என்றால் பந்தை உதைக்க மட்டும் வருகிறவர். சும்மா நிற்கிறவன்தான், ஆனால் மேலே சொன்ன 6, 1, 5, 3 வரிசையைத் திரும்பப் பாருங்கள். பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்ட் கோல், ஒன்றுக்கு 3 புள்ளி.

2024 அக்டோபர் 6, ரேவன்ஸோடு சொந்த ஊர் ஆட்டம். நாலாவது குவார்ட்டரில் பத்துப் புள்ளி முன்னிலையை விட்டுவிட்டு ஓவர்டைம். ரேவன்ஸ் பந்தைத் தவறவிட, பெங்கால்ஸ் அவர்களுடைய 38 யார்டு கோட்டிலேயே எடுத்துக்கொண்டது. எது எடுத்தாலும் வெற்றி. பந்து கையில், பரோ களத்தில். என்ன செய்தார்கள்? ஓடவிட்டார்கள், மூன்று யார்டுதான் கிடைத்தது. சரி, 53 யார்டு உதை. உதைப்பவர் இவான் மெக்ஃபர்சன். பந்தைப் பிடித்துத் தரையில் நிறுத்திக் கொடுக்க வேண்டியவர் புதுப் பையன். பந்து கையில் வந்தது, சரியாக உட்காரவில்லை. உதைப்பவர் ஓடி வந்துகொண்டிருக்கிறார், நிறுத்த முடியாது. உதைத்தார், விலகிப் போய்விட்டது. அடுத்து டெரிக் ஹென்ரி 51 யார்டு ஓடினார், ரேவன்ஸ் 24 யார்டிலிருந்து உதைத்து ஜெயித்தது. கிக்கர் தவறவிட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கில் தப்பு அதற்கு முந்தைய மூன்று முயற்சிகளில். அவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு 53 யார்டு உதையை நம்பி நின்றது.

நவம்பரில் சார்ஜர்ஸ் ஆட்டத்தில் 27-6 என்று பின்தங்கி, 27-27 வரை வந்து, நாலாவது குவார்ட்டரில் மெக்ஃபர்சன் இரண்டு உதைகளைத் தவறவிட்டார். முடிவு 34-27.

“ஸ்பெஷல் டீம்னால ஒரு சீசனே போனதா சரித்திரம் உண்டா?”

ஸ்பெஷல் டீம் என்பது உதைக்கவும் உதைத்த பந்தைத் துரத்தவும் மட்டும் வருகிற கூட்டம். சரித்திரம் உண்டு, அதுவும் கொடுமையாக. 2010 சான் டியேகோ சார்ஜர்ஸ். எடுத்த யார்டுகளில் லீகில் முதலிடம், குறைவான யார்டு கொடுத்ததிலும் முதலிடம். ஆனாலும் 9-7 (9 வெற்றி, 7 தோல்வி), பிளேஆஃப் இல்லை.

உதைத்த பந்தைத் துரத்திப் பிடிக்கிற கூட்டம் அங்கே சல்லடையாக இருந்தது. முதல் வாரமே கன்சாஸ் சிட்டி ஆள் ஒருவர் பன்ட்டைப் பிடித்து 94 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், 21-14 தோல்வி. மூன்றாவது வாரம் சியாட்டிலில் லியான் வாஷிங்டன் ஒரே ஆட்டத்தில் இரண்டு கிக்ஆஃபை (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற உதை) திருப்பிக் கொண்டுவந்து டச்டவுன் போட்டார், 27-20. ஐந்தாவது வாரம் ரெய்டர்ஸிடம் இரண்டு பன்ட்கள் தடுக்கப்பட்டன. நாள் முழுக்கச் சமைத்து, பரிமாறும்போது அண்டாவைக் கவிழ்த்த கதை.

“ஏம்ப்பா, செப்டம்பர்ல தோத்ததுக்கு ஜனவரில அழுவாங்களா?”

கேட்டது ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார். ஆமாம் மாமா, அழுவார்கள். 17-தான் என்று முதல் பதிலில் சொன்னது இதற்குத்தான்.

பெங்கால்ஸுக்குத் தொடக்கம் என்றாலே கண்டம். ஸாக் டெய்லர் தலைமைப் பயிற்சியாளராக வந்த 2019-லிருந்து 2024 வரை ஆறு சீசன்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு ஆட்டங்கள். மொத்தம் 12. ஜெயித்தது ஒன்றே ஒன்று, 2021-ல் வைக்கிங்ஸோடு ஓவர்டைமில். 2024 முதல் வாரம் சொந்த மைதானத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 16-10. அந்த பேட்ரியட்ஸ் சீசன் முடிவில் 4-13. டச்டவுன் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் பந்தைத் தவறவிட்டார், வந்த பன்ட்டைப் பிடிக்கப் போன இன்னொருவர் கோட்டைவிட்டார். அடுத்த வாரம் சீஃப்ஸிடம் 26-25. நாலாவது முயற்சியில் 16 யார்டு தேவை என்ற நிலையில் எங்கள் புதுமுகம் ஒருவர் ஆளை முட்டி ஃபௌல் வாங்கிக் கொடுக்க, கடைசி நொடியில் சீஃப்ஸ் 51 யார்டு உதையில் ஜெயித்தது.

2022-ல் இதே மாதிரி 0-2-ல் ஆரம்பித்து 12-4-ல் (ஓர் ஆட்டம் ரத்து) முடித்து ஏஎஃப்சி இறுதி வரை போனார்கள். அதுவே கெட்ட பழக்கமாகிவிட்டது என்பது என் சந்தேகம். ‘பார்த்துக்கலாம்’ என்கிற தைரியம்.

“கடைசி அஞ்சு ஆட்டமும் ஜெயிச்சாங்களே. ஆர்சிபி அப்படித்தானே உள்ளே போனாங்க?”

2024 ஐபிஎல்லில் ஆர்சிபி முதல் எட்டில் ஏழு தோற்று, அடுத்த ஆறையும் ஜெயித்து, ரன் ரேட்டில் சிஎஸ்கேயை வெளியே தள்ளியது. இதைச் சொல்லிக்கொண்டே கேட்டவர் சிஎஸ்கே ரசிகர், பாவம். ஆனால் ஆர்சிபிக்குக் கடைசி ஆட்டம் தன் கையில் இருந்தது. 4-8 ஆன பெங்கால்ஸுக்கு அப்படி இல்லை. தான் ஜெயித்தால் மட்டும் போதாது, மற்றவர்கள் தோற்கவும் வேண்டும்.

ஜனவரி 4, சனிக்கிழமை ராத்திரி ஸ்டீலர்ஸை 19-17-ல் ஜெயித்தார்கள். மறுநாள் டால்ஃபின்ஸ் தோற்க வேண்டும், பிரான்கோஸ் தோற்க வேண்டும். டால்ஃபின்ஸ் தோற்றது. டென்வரில் பிரான்கோஸ் 38, சீஃப்ஸ் 0. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது குவார்ட்டரிலேயே வெளியே வந்து கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் கசப்பான விஷயம் ஒன்று. வெற்றி எண்ணிக்கை சமமானால், இரண்டு அணிகள் நேருக்கு நேர் ஆடியதில் யார் ஜெயித்தார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முந்தைய வாரம்தான் பெங்கால்ஸ் பிரான்கோஸை ஓவர்டைமில் 30-24 என்று ஜெயித்திருந்தது. பிரான்கோஸ் முடித்தது 10-7. அதாவது அந்த எட்டுத் தோல்வியில் ஏதாவது ஒன்று, பேட்ரியட்ஸோ சீஃப்ஸோ, மாறியிருந்தாலே போதும்.

“அந்தக் கடைசி ஆட்டத்துல சீஃப்ஸ் வேணும்னே தோத்தாங்கதானே?”

முதலிடம் உறுதியாகிவிட்டதால் முக்கிய ஆட்களை உட்கார வைத்தார்கள். அது விதிக்கு உட்பட்டது, எல்லா அணியும் செய்வது. நானாக இருந்தாலும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் மகோம்ஸை அன்று மைதானத்துக்குள் விட்டிருக்க மாட்டேன். அடுத்தவன் வீட்டு விருந்தை நம்பி அடுப்பை அணைத்தது யார் தப்பு?

“லைன்ல நிக்கிற பெரிய உடம்புக்காரங்க பந்தையே தொடறதில்ல. அவங்களால என்ன கெட்டுடும்?”

குவார்ட்டர்பேக்கின் எலும்பு கெடும். அஃபென்சிவ் லைன் என்பது அந்த ஐந்து பேர். அவர்கள் தாங்குகிற இரண்டரை, மூன்று நொடியில்தான் மற்ற எல்லாம் நடக்கிறது.

2021 சீசனில் பரோவை 51 தடவை வீழ்த்தினார்கள். பிளேஆஃபில் டைட்டன்ஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை. அதையும் மீறி 19-16 என்று ஜெயித்ததால் ஊரே கொண்டாடியது, ஓட்டையை யாரும் பேசவில்லை. சூப்பர் பௌலில் ராம்ஸ் ஏழு தடவை வீழ்த்தியது, 23-20 தோல்வி. அப்புறம்தான் அடுத்த சீசனுக்கு வெளியிலிருந்து புது ஆட்களைக் கொண்டுவந்து லைனைக் கட்டினார்கள். கூரை ஒழுகுவது மழையில்தான் தெரியும் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் இங்கே நாலு மாதமாக நனைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

“ஒரு ஆளுக்கு அடிபட்டா சீசனே முடிஞ்சுதா?”

அந்த ஆள் குவார்ட்டர்பேக் என்றால், பெரும்பாலும். பேட்டன் மேனிங் இருந்த 2010-ல் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் 10-6. கழுத்து அறுவை சிகிச்சையால் அவர் ஆடாத 2011-ல் 2-14. பெங்கால்ஸே 2023-ல் பரோவின் மணிக்கட்டு போனதும் 9-8-ல் வெளியே. 2025-ல் இரண்டாவது வாரம் கால் கட்டைவிரல் காயம். டெய்லர் வந்த பிறகு முதல் தடவையாக 2-0 என்று தொடங்கிய சீசன் 6-11-ல் முடிந்தது.

எதிர் உதாரணமும் உண்டு. 2008-ல் டாம் பிரேடி முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். மாற்று ஆளை வைத்துக்கொண்டே பேட்ரியட்ஸ் 11-5. ஆனாலும் பிளேஆஃப் கிடைக்கவில்லை! அதே டிவிஷனில் டால்ஃபின்ஸும் 11-5, சமன் உடைக்கும் விதியில் அவர்கள் முந்திவிட்டார்கள். அதே வருஷம் சார்ஜர்ஸ் 8-8-ல் உள்ளே போனது.

“8-8-க்கு இடம், 11-5-க்கு இடம் இல்லையா? என்ன நியாயம்?”

டிவிஷன் முதலிடத்துக்குத்தான் முதல் மரியாதை என்ற விதியின் விளைவு. 2010-ல் சியாட்டில் 7-9 எடுத்து டிவிஷனை ஜெயித்து, முந்தைய வருஷச் சாம்பியன் செயின்ட்ஸைத் தன் மைதானத்துக்கு வரவழைத்து 41-36 என்று தோற்கடித்தும் விட்டது. எனக்கு அந்த விதி பிடிக்கும். பக்கத்து ஊர்க்காரனை ஜெயிப்பதற்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும். பெங்கால்ஸ் ரசிகனாக இருந்து இதைச் சொல்வது கஷ்டம்தான், 2024-ல் ரேவன்ஸிடம் இரண்டு தடவையும் தோற்றவர்கள் நாங்கள்.

“வைக்கிங்ஸ் 2022-ல 13 ஜெயிச்சாங்க. அங்கே ஓட்டையே இல்லையா?”

இருந்தது, அதிர்ஷ்டம் மூடி வைத்திருந்தது. 13-4 எடுத்த அந்த அணி எடுத்த புள்ளியைவிடக் கொடுத்த புள்ளி அதிகம், மூன்று புள்ளி. ஒரு டச்டவுனுக்குள் முடிந்த ஆட்டங்களில் 11-0. பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே ஜயன்ட்ஸிடம் 31-24. அடுத்த வருஷம் 7-10.

2024 பெங்கால்ஸ் இதற்கு நேர் தலைகீழ். கொடுத்ததைவிட 38 புள்ளி கூடுதலாக எடுத்தும் வெளியே. அதனால் நெருக்கமான தோல்விகளில் எவ்வளவு ஓட்டை, எவ்வளவு துரதிர்ஷ்டம் என்று பிரிப்பது சிரமம். நவம்பரில் ரேவன்ஸோடு 35-34 தோற்றபோது 38 நொடி மீதி வைத்து, சமன் செய்கிற ஒரு புள்ளியை விட்டு, ஜெயிக்க இரண்டு புள்ளிக்குப் போனார்கள். கிடைக்கவில்லை. அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன், அந்த டிஃபென்ஸை ஓவர்டைமுக்கு அனுப்ப எனக்கும் துணிச்சல் வந்திருக்காது.

“எங்க டீம் 8-3-ல இருக்கு. பிளேஆஃப் உறுதின்னு வச்சுக்கலாமா?”

2023 ஜாகுவார்ஸ் ரசிகர்கள் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். 8-3-லிருந்து 9-8, வெளியே. சரிவு தொடங்கியது பெங்கால்ஸோடு ஒரு திங்கட்கிழமை ராத்திரியில்: அவர்களுடைய குவார்ட்டர்பேக்குக்குக் கணுக்காலில் அடி, எங்கள் மாற்று ஆள் ஜேக் பிரௌனிங் ஓவர்டைமில் 34-31 என்று ஜெயித்தார். அன்று நாங்கள் சிரித்தோம்.

“சரி, அக்டோபர்லயே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா?”

ஓரளவு முடியும். வெற்றி தோல்வியை மறைத்துவிட்டு எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி மட்டும் பாருங்கள், வைக்கிங்ஸ் மாதிரி ஏமாற மாட்டீர்கள். மூன்றாவது முயற்சியில் எதிராளி எட்டு, ஒன்பது யார்டைச் சுலபமாக எடுக்கிறானா என்று பாருங்கள். லைனில் யார் காயம் என்று வெள்ளிக்கிழமை வரும் பட்டியலில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. அப்புறம் நாலாவது குவார்ட்டரில் முன்னிலையில் இருக்கும்போது உங்கள் பயிற்சியாளர் ஆட்டத்தை முடிக்கப் பார்க்கிறாரா, நேரத்தைக் கடத்தப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

கிக்கரை மட்டும் முன்கூட்டியே கணிக்க முடியாது. அந்த பிரான்கோஸ் ஆட்டத்தின் ஓவர்டைமில், மெக்ஃபர்சனுக்குக் காயம் என்று கொண்டுவந்த மாற்று ஆள் 33 யார்டிலிருந்து உதைத்தார். 33 யார்டு என்பது கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிற தூரம். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எங்கள் வீட்டில் அன்று உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தோம். டீ ஹிக்கின்ஸ் டச்டவுன் போட்டு ஜெயித்தபோதுதான் கையை எடுத்தோம்.